மஞ்சள் மிஷினுக்கு வைத்த சந்தனம்

"உனக்கு எதுக்குடி அந்தக் கதையெல்லாம்? படிக்கிற புள்ளைக்கு வேற சோலியே இல்லையா?"

பேத்தியை முதலில் இப்படித்தான் திட்டினேன். பீரோவைத் துடைக்கிறேன் என்று ஆரம்பித்தவள், கீழ்த்தட்டில் பழைய சேலைகளுக்கு அடியில் கிடந்த, அவள் அம்மாவின் ஆபீசில் பழசாகிவிட்டது என்று கழித்துக் கொடுத்த மஞ்சள் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும், கைக்குள் அடங்கிவிடும். அதன் முதுகில் ஒரு ரப்பர் மூடி உண்டு. அதைத் திறந்து பார்த்திருக்கிறாள். உள்ளே ஓர் ஓரத்தில் இத்துனூண்டு சிவப்பு. அது என்னவென்று அவள் அம்மாவிடம் கேட்டதற்கு, "அப்பத்தாகிட்டக் கேளு" என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள் மகராசி.

அவள் அம்மா என்றால் என் மருமகள். இத்தனை வருஷமாக ஒருத்தரிடமும் வாயைத் திறக்காதவள். பெற்ற பிள்ளை கேட்டும் திறக்கவில்லை. சொல்வதானால் நான்தான் சொல்ல வேண்டும் என்று விட்டிருக்கிறாள். அந்தப் பெருந்தன்மை எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. அதனால்தான் சொல்கிறேன், இவள் நச்சரிப்புக்காக இல்லை.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். சொல்வது நான், எழுதுவது பேத்தி. கதையை எப்படி வேண்டுமானாலும் தலைசீவிப் பூ வைத்து எழுதிக்கொள், ஆட்கள் பேசினதை மட்டும் பேசினபடியே விட்டுவிடு என்று சொல்லியிருக்கிறேன்.

அப்போது இவள் பிறக்கவில்லை. திருநகர் வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் வீட்டுக்காரர், மருமகள். மகன் திருப்பூரில் ஒரு கம்பெனியில் இருந்தான். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவான், தின்பான், தூங்குவான், போவான். வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸில்தான் ஓய்வு, வாயில் இல்லை. வீட்டுக்குள் நாங்கள் நடமாடுவதற்கும் அவர் ரைட் சொல்ல வேண்டும் என்று நினைப்பார்.

மருமகள் புவியியல் படித்தவள். கண்மாய்களை அளந்து படம் போடுகிற ஓர் ஆபீசில் வேலை பார்த்தாள். சேர்ந்த புதிதில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைப் பார்த்துக் கணக்கு ஏற்றுகிற வேலை. சாயங்காலம் வரும்போதே நெற்றியைப் பிடித்துக்கொண்டு வருவாள். ஒன்றரை இட்லியோடு எழுந்துவிடுவாள். கல்யாணமாகி வருஷம் ஒன்று ஆகியும் அவள் பல் வரிசை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அப்படி ஒரு சிரிப்புப் பஞ்சம்.

ஒரு நாள் அவள் கையில் அந்த மஞ்சள் மிஷினைக் கொடுத்து, போய்க் கண்மாயைச் சுற்றி நடந்துவிட்டு வா என்று அனுப்பினார்கள். ஜி.பி.எஸ். என்று அதற்குப் பெயர். மேலே சுற்றுகிற சாட்டிலைட்டுகளைக் கேட்டு, நீ நிற்கிற இடம் இதுதான் என்று சொல்லுமாம். அதைப் பிடித்துக்கொண்டு கரை மேல் நடந்தால், நடந்த தடத்தை எல்லாம் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும். அப்புறம் ஒரு வயரை மாட்டி லேப்டாப்பில் இறக்கினால், கண்மாய் ஒரு கோடாக மேப்பில் வந்து உட்கார்ந்துவிடும். இதை அவள் எனக்குச் சொன்னபோது வீட்டுக்காரர் ஹாலில் இருந்தபடியே கேட்டார்.

"முப்பது வருஷம் பஸ்ஸில போனேன். எந்த ஸ்டாப்புலயாச்சும் வானத்தைப் பாத்தா ஆளை எறக்கினேன்?"

அவர் கிடக்கட்டும். எனக்கு அந்த மிஷினைப் பிடித்துவிட்டது. காரணம், மருமகள் மாறிப்போனாள். செருப்பு முழுக்க மண்ணை அப்பிக்கொண்டு வந்து வாசலில் தட்டுவாள். நாலு தோசை தின்பாள். தின்றுகொண்டே கதை சொல்வாள். எந்த மடையில் எவர் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தார், எந்தக் கரையில் கருவேலம் முள் குத்தியது, எந்த ஊரில் மோர் கொடுத்தார்கள் என்று. அவளுக்கு ஒரு தெற்றுப்பல் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தெருவில் இரண்டு பேருக்கு இது பொறுக்கவில்லை. எதிர்வீட்டில் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டீச்சர். பக்கத்து வீட்டில் சேலை வியாபாரம் பண்ணுகிற சௌராஷ்டிரா அக்கா. இரண்டு பேரும் நல்லவர்கள்தான். ஆனால் ஒரு வீட்டில் புதிதாக எது நடந்தாலும் அதன் அடிவேர் வரைக்கும் தெரிந்தால்தான் அவர்களுக்குச் சோறு இறங்கும். டீச்சருக்கு மூக்கு ரொம்பக் கூர்மை. நான் கருவாடு வறுக்க எண்ணெய் ஊற்றும்போதே என்ன கருவாடு என்று சொல்லிவிடுவார். "உங்க மருமக ஏன் கண்மாய் கண்மாயாச் சுத்துது?" என்று அவர் கேட்டபோது, வேண்டுதல் என்று சொல்லிவைத்தேன்.

இனித்தான் என் திருவிளையாடல்.

ஆயுத பூஜை வந்தது. அரிவாள்மனை, மிக்ஸி, கிரைண்டர், டி.வி., கரண்டு மீட்டர், வீட்டுக்காரரின் பழைய விசில், எதையும் விடவில்லை. எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தேன். மருமகள் மஞ்சள் மிஷினைக் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு, "அத்தே, இது ஆபீசு மிஷினு. இதுக்கு மட்டும் பொட்டு வச்சிராதீங்க. ஸ்கிரீன்ல பட்டுச்சுன்னா போச்சு" என்றாள். சரித்தா என்றேன்.

சரி என்று சொல்லிவிட்டேன், மனசு கேட்கவில்லை. வீட்டில் இருக்கிற விசிலுக்குக்கூடப் பொட்டு இருக்கிறது, அவளைச் சிரிக்கவைத்த மிஷின் மட்டும் மொட்டை நெற்றியோடு உட்கார்ந்திருக்கிறது. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து எடுத்துத் திருப்பினேன். முதுகில் ரப்பர் மூடி. நகத்தால் நெம்பினால் திறந்துகொண்டது. உள்ளே வட்டமாக ஒரு பள்ளம், அதில் பால்பல் மாதிரி நாலு குட்டி ஊசி. வெளியில் வைத்தால்தானே தெரியும் என்று தோன்றியது. மோதிர விரலால் சந்தனத்தை எடுத்து அந்தப் பள்ளத்துக்குள் நன்றாக அப்பினேன். அதன் மேல் ஊக்கு நுனியால் ஒரு துளி குங்குமம். மூடியை அமுக்கி மூடினேன். சாமி கும்பிட்டு முடித்து அவள் எடுத்துப் போகும்போது, ரகசியமாக ஒரு நல்ல காரியம் பண்ணின திருப்தி எனக்கு.

அந்த மிஷினே சந்தன நிறம். அதற்குள் சந்தனம் வைத்தால் யார் கண்ணில் படும்?

அதற்கு அப்புறம் அவள் டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு பெரிய கண்மாய்க்கு நாலு நாள் போய்வந்தாள். மழை இறங்கித் தண்ணீர் கட்டுவதற்குள் சுற்றி முடிக்க வேண்டும் என்று அவசரம். மிஷின் நன்றாக வேலை செய்தது. இவ்வளவு நன்றாக இதற்கு முன்னால் செய்ததே இல்லை என்று அவள் சொன்னபோது, நான் ரசத்தைக் கலக்கிக்கொண்டே உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்போடு வந்தாள். ஆபீசில் இரவல் கொடுத்தது. முகம் பழைய முகமாக இருந்தது. அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நின்று சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கிராமத்தில் கூட்டம். கண்மாய்ப் பாசனக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். அவர்களுக்கு முன்னால் லேப்டாப்பில் கண்மாயின் கோட்டைக் காட்ட வேண்டும். மிஷினில் இருப்பதை லேப்டாப்பில் இறக்கத் தெரிந்த ஒரே ஆள் கல்யாணம் என்று ஊருக்குப் போய்விட்டார். அதனால் இவளே இறக்க வேண்டும். இறக்கிக் காட்டிவிட்டால் இனி எல்லாக் கண்மாய்க்கும் இவள்தான் போவாள். இல்லையென்றால் நடக்கிற வேலை வேறு ஆளுக்கு, இவள் பழையபடி நாற்காலிக்கு. அவளுடைய சார் அப்படிச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"மிஷின்லதான் எல்லாம் இருக்கே. பாத்துப் பாத்துக் கையால எழுதிட்டுப் போ" என்றேன்.

"எழுதினா எழுதி முடிக்கிறதுக்குள்ள தீபாவளி வந்துரும் அத்தே."

சாப்பாட்டு மேசையைத் துடைத்து லேப்டாப்பை வைத்தாள். வயரின் ஒரு முனையில் ஒன்பது துளை, அது லேப்டாப்பின் முதுகுக்கு. இன்னொரு முனை வட்டம், அது மஞ்சள் மிஷினின் முதுகுக்கு. ரப்பர் மூடியை ஒதுக்கி வட்டத்தை அழுத்தி மாட்டினாள். எதிரில் உட்கார்ந்து நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். மேப் சாஃப்ட்வேரைத் திறந்து எதையோ அமுக்கினாள். மணல் கடிகாரம் மாதிரி ஒன்று வந்து நின்றது. அப்புறம் இங்கிலீசில் இரண்டு வரி.

என்னவாம் என்று கேட்டேன். மிஷின் எதையும் மாட்டவே இல்லையே என்று லேப்டாப் சொல்கிறதாம்.

வயரைக் கழற்றி மாட்டினாள். லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். சாஃப்ட்வேருக்குள் எந்த வாசலில் வயர் வருகிறது என்று நம்பர் போட்டுச் சொல்ல வேண்டுமாம். ஒன்று போட்டாள், இரண்டு போட்டாள், மூன்று, நான்கு. அப்புறம் வேகம் என்று ஒன்று இருக்கிறதாம். அதையும் மாற்றி மாற்றிப் போட்டாள்.

"ரெண்டும் ஒரே வேகத்துல பேசணும் அத்தே. இது மெதுவாப் பேசி, அது வேகமாக் கேட்டுச்சுன்னா ஒண்ணும் புரியாது."

"நானும் உங்க மாமாவும் கல்யாணம் ஆனதுலேருந்து அப்படித்தான் இருக்கோம். குடும்பம் ஓடலையா?"

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. மிஷினுக்குள்ளும் எந்தப் பாஷையில் பேச வேண்டும் என்று ஓர் இடம் இருந்தது. அதையும் மாற்றிப் பார்த்தாள். எதை மாற்றினாலும் அதே இரண்டு வரி. இங்கிலீசு எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாத எனக்கே அந்த வரி மனப்பாடம் ஆகிவிட்டது. ஹாலில் இருந்து வீட்டுக்காரர், வண்டி பிரேக் டவுனா என்று கேட்டார். அவள் எழுந்து வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒன்றரை இட்லி. எண்ணிவிட்டேன்.

மறுநாள் காலையில் காளவாசலில் வயர் ரிப்பேர் பண்ணுகிற கடைக்குக் கிளம்பினாள். வயர்தான் உள்ளுக்குள் அறுந்திருக்கும் என்பது அவள் எண்ணம். சனிக்கிழமைக் கூட்டத்தில் ஆபீசு மிஷினைக் கொண்டுபோகப் பயந்து, வயரை மட்டும் பையில் போட்டுக்கொண்டாள். நானும் வாரேன் என்று கூடவே ஏறிக்கொண்டேன். எனக்குக் காளவாசலில் ஒரு வேலையும் இல்லை. அந்த முகத்தைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

கடைக்காரர் வயதானவர். மூக்குக் கண்ணாடியில் ஒரு பக்கம் நூல் கட்டியிருந்தார். வயரை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, மீட்டரின் இரண்டு கம்பியை எடுத்து இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று வைத்தார். பீப் என்றது. இடம் மாற்றி வைத்தார். பீப். வைத்த இடமெல்லாம் குருவி மாதிரிக் கத்தியது.

"வயர் ஒரு குத்தமும் இல்லம்மா. நல்லா ஓடுது" என்றார்.

"பின்ன ஏன் அண்ணே லேப்டாப்பு எடுக்க மாட்டேங்குது?"

"மிஷினுக்கு வாய் இருக்கும்ல, வயர் மாட்டுற எடம். அதுல ஏதாச்சும் அடைச்சிருக்கா பாருங்க. அழுக்கு இருந்தாக்கூட ஊசி தொடாது. தொட்டாத்தான் பேசும்."

வெயில் ஏறாத நேரம்தான். எனக்கு மட்டும் முதுகில் வேர்த்தது.

மருமகள் நம்பவில்லை. மூடி போட்டுத்தானே வைத்திருக்கிறேன், அதில் எங்கே அழுக்குப் போகப் போகிறது என்று சொல்லிக்கொண்டே வயரை வாங்கிக்கொண்டாள். சாஃப்ட்வேரில்தான் கோளாறு, அந்தக் கல்யாணத்துக்குப் போன ஆள் வந்தால்தான் ஆகும் என்று முடிவு கட்டிவிட்டாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பஸ் பழங்காநத்தம் தாண்டியது. அப்புறம் வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"பேப்பர் வேலைக்கே போயிர்றேன் அத்தே. ஃபேனு இருக்கு. வெயில் இல்ல. முள்ளு இல்ல."

ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னாள், பிடிக்காத மாப்பிள்ளைக்கு நல்ல குணம் தேடுகிற மாதிரி.

அவளுக்குத் தெரியாமல் நானே அந்தச் சந்தனத்தை எடுத்துவிடலாம் என்று பஸ்ஸிலேயே திட்டம் போட்டேன். ஊக்கு என் தாலிச் சரட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் துணியைக் காயப்போட அவளை மாடிக்கு அனுப்பினேன். மிஷினை மடியில் வைத்து மூடியைத் திறந்தேன். பத்து நாள் சந்தனம், காரை பூசின மாதிரி இறுகிப்போயிருந்தது. ஊக்கை வைத்துக் குத்தப் போனேன். அந்த நாலு ஊசியும் தலைமுடி கனம். குத்துகிற குத்தில் ஒன்று முறிந்தால் என்ன செய்வது? ஒரு தப்பை மறைக்க இன்னொரு தப்பா? மூடியை மூடி இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். வீட்டுக்காரர் பேப்பரை இறக்கி ஒரு பார்வை பார்த்தார். காது குடைந்தேன் என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லையே.

அவள் மாடியில் இருந்து இறங்கி வந்தாள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். பாதி உண்மைதான் வந்தது.

"எதுக்கும் அந்தக் கடைக்காரர் சொன்னதைச் செஞ்சு பாரு தாயி. மூடிக்குள்ள நல்ல வெளிச்சத்துல பாரு."

ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மூடியைத் திறந்தாள். முகத்தருகே வைத்துப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். பொடி உதிர்ந்தது. மாமா, உங்க ஊசி போடுற ஸ்பிரிட்டு எங்க இருக்கு என்று கேட்டாள். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, தினமும் ஊசி போடுகிறவர். ஸ்பிரிட்டையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு அவரே வந்து நின்றார். பஞ்சை நனைத்துப் பள்ளத்தில் ஒற்றி எடுத்தாள். பஞ்சு மஞ்சளாக வந்தது. மறுபடி ஒற்றினாள். சிவப்பாக வந்தது. ஸ்பிரிட் பட்டதும், பத்து நாளாக ஒளிந்திருந்த வாசனை கிளம்பி வீடே கோயில் மாதிரி மணத்தது.

அவள் பஞ்சைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். எனக்கு வாசிக்கத் தெரியாத அத்தனை எழுத்தையும் அன்றைக்குப் பார்த்து முடித்தேன். என் வீட்டுக்காரருக்கு மட்டும் இது தெரிந்தால், நான் சாகும் வரைக்கும் எல்லா ஸ்டாப்பிலும் இதைச் சொல்லித்தான் வண்டியை எடுப்பார். அதுகூடப் பரவாயில்லை. வேலைக்குப் போகிறது பிடிக்காமல் மாமியார் வேண்டுமென்றே செய்தாள் என்று இந்தப் பெண் நினைத்துவிட்டால்?

"என்ன அது?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"கண்மாய் மண்ணு மாமா" என்றாள் மருமகள். குரலில் ஒரு பிசிறு இல்லை.

"செவப்பா இருக்கு. கல்லுப்பட்டிப் பக்கம் கரிசல்தானே?"

"கரை ஒசத்துறதுக்கு வெளிய இருந்து செம்மண்ணு அடிச்சிருக்காங்க மாமா."

"மணக்குது?"

"ஸ்பிரிட்டு."

முப்பது வருஷம் அந்தத் தடத்தில் பஸ்ஸில் போனவர். எந்த ஊரில் என்ன மண் என்று அவருக்குத் தெரியாதா? என்னை ஒருமுறை பார்த்தார். "காது நல்லாக் கேக்குதா இப்ப?" என்று கேட்டுவிட்டுப் பேப்பருக்குத் திரும்பிப் போனார்.

என் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதை ஸ்பிரிட்டில் நனைத்து, குழந்தைக்குப் பல் தேய்க்கிற மாதிரி அந்த நாலு பால்பல்லையும் தேய்த்தாள். ஃபேனுக்கு அடியில் கால் மணி நேரம் காயவைத்தாள். அவசரப்படவில்லை. நான்தான் இரண்டு தரம் காய்ந்துவிட்டதா என்று கேட்டேன். அப்புறம் வயரை மாட்டினாள். வாசல் நம்பர் ஒன்று. வேகத்தைப் பழையபடி வைத்தாள். அமுக்கினாள்.

அந்த இரண்டு வரி வரவில்லை. நீலமாக ஒரு பட்டை இடது பக்கத்தில் இருந்து மெதுவாக நிரம்பிக்கொண்டு வந்தது. நிரம்பி முடிந்ததும் வெள்ளைத் திரையில் ஒரு சிவப்புக் கோடு. வளைந்து, நீண்டு, திரும்பி, ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேர்ந்தது. நான் பார்த்தே இராத ஒரு கண்மாய் என் சாப்பாட்டு மேசை மேல் கிடந்தது.

மருமகள் இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டாள். கோடு ஓர் இடத்தில் மட்டும் விசுக்கென்று உள்ளே போய், கொஞ்சம் சுற்றி, வெளியே வந்திருந்தது. இது என்ன கோணல் என்று விரலை வைத்தேன். நாய் துரத்தியது என்றாள். மிஷினைப் பிடித்தபடியே கண்மாய்க்குள் இறங்கி ஓடியிருக்கிறாள். ஓடினதையும் விடாமல் குறித்து வைத்திருக்கிறது அந்த மிஷின். அழிக்கலாமாம். ஆனால் அழிக்கப் போய் மற்றதும் அழிந்துவிடுமோ என்று பயந்து அப்படியே விட்டுவிட்டாள்.

சாயங்காலம் அடுப்படியில் அவளும் நானும் மட்டும் இருந்தோம். தேங்காயைத் துருவிக்கொண்டே, கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று சொல்ல நினைத்து, "அது வந்துத்தா" என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்கவிடவில்லை.

"அதுக்கு ஒரு துணி உறை இருக்கு அத்தே. அடுத்த வருஷம் உறைக்கு வைங்க."

"அடுத்த வருஷமும் அது நம்ம வீட்டுக்கு வருமா?"

"நாளைக்குத் தெரிஞ்சுரும்."

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். டி. கல்லுப்பட்டியில் இறங்கி ஆட்டோவில் அந்த ஊருக்குப் போனோம். கூட்டம் ஊர்ச் சாவடியில். அவளுடைய சார் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். முதலில் மரத்தடியில்தான் மேசை போட்டிருந்தார்கள். வெயிலுக்கு லேப்டாப்பில் ஒன்றுமே தெரியவில்லை, கண்ணாடி மாதிரி எங்கள் முகம்தான் தெரிந்தது. மேசையைத் தூக்கிச் சாவடிக்குள் இருட்டுப் பக்கம் போட்டார்கள். எல்லாரும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். யாருக்கும் நம்பிக்கை இல்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. முன்னால் நின்ற ஒரு பெரியவர் கேட்டேவிட்டார்.

"இதை நீ ஆபீசுல உக்காந்துகூட வரையலாமே தாயி. கரை பூராம் நீ நடந்தேங்கிறதுக்கு என்ன சாட்சி?"

மருமகள் நடந்த நாளைச் சொன்னாள். சாட்டிலைட்டைச் சொன்னாள். பெரியவர் மேலே கூரையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். சாருடைய பேனா மூடி திறந்து மூடிக்கொண்டிருந்தது. சந்தனத்தைத் தாண்டி வந்தும் இங்கே வந்து நிற்கிறதே என்று இருந்தது.

அப்போது பெரியவர் குனிந்து, கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். மதகு இது, மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கு இது என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தவர், அந்தக் கோணலில் நிறுத்தினார்.

"இங்கன என்ன, கரையை விட்டு உள்ள எறங்கி ஏறுது? இங்கன அப்படி இல்லையே."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். காது சிவந்துவிட்டது.

"அங்க ஒரு நாய் வெரட்டுச்சுங்க தாத்தா. உள்ள எறங்கி ஓடிட்டேன்."

பெரியவர் விரலை எடுக்காமலே கேட்டார்.

"காதுல ஒண்ணு அறுந்த நாயா?"

"ஆமா. வெள்ள நாய்."

பின்னாலிருந்து ஒருவர், அது நம்ம மோட்டார் ரூம் நாய் என்றார். இன்னொருவர், அது என்னையவே அந்த இடத்தில் விடாதே என்றார். அப்புறம் ஒவ்வொருவராக அந்த நாயிடம் தாங்கள் பட்ட பாட்டைச் சொல்ல ஆரம்பித்தார்கள். சிரிப்புச் சத்தம் சாவடி தாண்டிப் போயிற்று. பெரியவர் நிமிர்ந்து சாரிடம் சொன்னார்.

"புள்ள நடந்துதான் இருக்கு. நாய் இருக்கிற எடம் அச்சா இருக்கு. மத்ததும் சரியாத்தான் இருக்கும்."

சார் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். கோட்டில் அந்த நாய் இருக்கும் இடத்தைத் திருத்தவா என்று மருமகள் கேட்டதற்கு, வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்றார். அடுத்த வாரம் பக்கத்துக் கண்மாய், மழைக்கு முன்னால் முடித்துவிடு என்றார். அவ்வளவுதான் பேச்சு. மருமகள் என் பக்கம் திரும்பினாள். தெற்றுப்பல் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது, மிஷினை விட நாய் கெட்டிக்காரன் என்று வீட்டுக்காரர் தீர்ப்புச் சொன்னார். ஆனால் மறுநாள் காலையில் எனக்கு முன்னால் எழுந்து, மருமகளின் செருப்பில் இருந்த மண்ணை வாசலில் அவரே தட்டிக்கொண்டிருந்தார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காய்கறி வண்டி வந்து நின்றபோது டீச்சரும் சௌராஷ்டிரா அக்காவும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். சனிக்கிழமை முழுக்க உங்கள் வீட்டில் என்ன கலவரம், மிஷின் கெட்டுப்போயிற்றாமே, மருமகளுக்கு வேலை போயிற்றாமே என்று கேட்டார்கள். வேலை எங்கேயும் போகவில்லை, அவள்தான் அடுத்த கண்மாய்க்குப் போயிருக்கிறாள் என்றேன். மிஷினுக்கு என்ன என்று அக்கா விடவில்லை. வாய்க்குள் கண்மாய் மண் புகுந்துவிட்டது, என் மருமகள்தான் கண்டுபிடித்து எடுத்தாள் என்றேன். மருமகள் எனக்காகச் சொன்ன சொல்லை நான் மாற்றலாமா?

காம்பவுண்டுச் சுவர் மேல் அந்த பிரஷ் காய்ந்துகொண்டிருந்தது. மஞ்சளும் சிவப்புமாக. எடுத்து வைக்க மறந்துவிட்டேன். டீச்சர் அதைப் பார்த்தார். பக்கத்தில் போனார். குனிந்து ஒரு மூச்சு இழுத்தார்.

"கண்மாய் மண்ணா? சந்தனமா மணக்குதேம்மா."

"என் மருமக நடந்த கண்மாய் டீச்சர்" என்றேன். "மணக்கத்தான் செய்யும்."